உத்தியோகஸ்தர் யாருக்கு ஊழியர்?

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எனக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம் "உத்தியோகஸ்தர்களும் அரசியலும்" என்பதாகும். இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு, இது ஏதோ கச்சேரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் கோட்டையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் உள்ள பங்காளிச் சண்டை, நமக்கென்ன வந்தது என்று தோன்றலாம். அந்தச் சண்டையானாலும் சரி, அவர்கள் கூடிக்கொண்டாலும் சரி, இரண்டிலும் நஷ்டப்படுகிறவர்கள் நாம்தான் என்பதை எடுத்துக்காட்டவே இங்கு வந்திருக்கிறேன். நான் கல்லூரி வாசலை மிதித்தவனல்ல. சட்டப் புத்தகங்களையும் கமிஷன் அறிக்கைகளையும் கூடியமட்டும் கூட்டிப் படித்துப் பார்த்ததைத்தான் சொல்லுகிறேன். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலாவது, நம்முடையது போன்ற முன்னேறிவரும் தேசங்களில் உத்தியோகஸ்தனுக்கு ஏன் இவ்வளவு பெருமை என்று யோசியுங்கள். செல்வம் பெருத்த தேசத்தில் ஒருவன் வரியைக் கட்டிவிட்டு, பெரும்பாலும் சர்க்காரை மறந்து வாழலாம். இங்கே அப்படியா? பிள்ளை பிறந்தால் ஒரு சர்ட்டிபிகேட், பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஜாதி சர்ட்டிபிகேட், நிலத்துக்குப் பட்டா, அரிசிக்கு ரேஷன் கார்டு, கிழவனானால் பென்ஷன், செத்தால் அதற்கும் ஒரு சர்ட்டிபிகேட். தொட்டிலிலிருந்து சுடுகாடுவரை ஒரு கையெழுத்துக்காக நிற்க வேண்டியவன் இந்த நாட்டு ஏழை. முன்பு கோயில் வாசலில் நின்றான். இப்போது தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறான். ஆகவே அந்தக் கையெழுத்து யார் சொன்னபடி போடப்படுகிறது, யார் சொன்னபடி நிறுத்தப்படுகிறது என்பதுதான் அவனுக்கு அரசியல். மற்றதெல்லாம் மேடைப் பேச்சு.

இந்த உத்தியோக வர்க்கம் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரன் ஏற்படுத்தினது. 1855இல் லண்டனில் பரீட்சை வைத்து ஐ.சி.எஸ். காரர்களைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பரீட்சையை இந்தியாவிலேயே எழுதலாம் என்று ஆனது 1922இல். ஏறக்குறைய எழுபது வருஷகாலம், இந்த நாட்டை ஆள வேண்டுமானால் முதலில் கப்பல் ஏறவேண்டும் என்பது விதி. கப்பல் கூலி கொடுக்க யாருக்கு வசதியிருந்தது, ஆங்கிலப் படிப்பு எந்த வீட்டில் இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வரி வசூலிப்பது, அமைதி காப்பது, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவது, இவைகளே கலெக்டருடைய வேலை. ஜனங்களுக்குப் பதில் சொல்வது அவர் வேலையாக இருக்கவில்லை.

சுயராஜ்யம் வந்தபோது, இந்தக் கூட்டத்தை அப்படியே வைத்துக்கொள்வதா, கலைத்துவிடுவதா என்று ஒரு விவாதம் நடந்தது. நேற்றுவரை நம்மை ஜெயிலுக்கு அனுப்பினவர்களுக்கு இன்று உத்தரவாதமா என்று அரசியல் நிர்ணய சபையில் சிலர் கேட்டார்கள். 1949 அக்டோபர் 10ந் தேதி வல்லபாய் படேல் எழுந்து, இவர்களில்லாமல் தேசத்தை நடத்த முடியாது என்றும், மந்திரிக்குப் பிடிக்காவிட்டாலும் தன் மனதில் பட்டதை ஓர் உத்தியோகஸ்தன் பயமில்லாமல் சொல்லும்படி அவனுக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டுமென்றும் வாதாடினார். படேலின் மற்ற கொள்கைகளில் நமக்கு ஆயிரம் மாறுபாடு இருக்கலாம். இந்த இடத்தில் அவர் சொன்னதில் நியாயமிருக்கிறது.

ஆனால் அரசியல் சட்டத்தில் எழுதினது என்ன? 310வது பிரிவைப் பாருங்கள். சர்க்கார் உத்தியோகஸ்தன் ஜனாதிபதியின் இஷ்டமுள்ளவரை, மாகாண உத்தியோகஸ்தனாயிருந்தால் கவர்னரின் இஷ்டமுள்ளவரை, பதவியிலிருப்பான் என்றிருக்கிறது. இஷ்டம்! இங்கிலாந்து ராஜாவின் இஷ்டம் என்றிருந்ததைப் பேர் மாற்றி எழுதிக்கொண்டார்கள். மழை பெய்வதும் ஆண்டவன் இஷ்டம், பிள்ளை பிறப்பதும் ஆண்டவன் இஷ்டம் என்று கேட்டுப் பழகின நமக்கு இது புதிதல்லதான். அடுத்த 311வது பிரிவு அந்த இஷ்டத்துக்கு ஒரு வேலி போட்டது. நியமித்தவனுக்குக் கீழ்ப்பட்டவன் நீக்கக்கூடாது. குற்றம் இன்னதென்று சொல்லி விசாரிக்காமல் நீக்கக்கூடாது. அதிலும் சில விலக்குகள் உண்டு. போகட்டும்.

வேலி இருக்கிறதே, பிறகேன் பயம் என்று கேட்பீர்கள். உத்தியோகஸ்தனை வேலையைவிட்டு நீக்க வேண்டிய அவசியமே அரசியல்வாதிக்கு இல்லை, தோழர்களே! மாற்றல் ஒன்று போதும். ஓர் உதாரணம் சொல்லுகிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எந்த ஊருக்கும் பொருந்தும். ராத்திரி பத்து மணிக்கு ஆற்றில் திருட்டு மணல் அள்ளிய நாலு லாரிகளை ஒரு தாசில்தார் பிடித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தரை மணிக்கு டெலிபோன் அடிக்கிறது. "அது நம்ம ஆள் லாரி" என்ற ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அந்தப்பக்கம் பேசினவர் யார் என்பதற்குக் காகிதமில்லை; சாட்சியில்லை. லாரியை விட்டால், பிறகு விசாரணை வந்தால், விட்டவர் தாசில்தார். விடாவிட்டால் பதினைந்து நாளில் எங்கோ ஒரு மூலையில் யாருக்கும் தெரியாத ஓர் ஆபீசில் நாற்காலி தயாராயிருக்கும். பிள்ளைகள் படிப்பு இங்கே, சம்சாரம் இங்கே, அவர் அங்கே. அது தண்டனையல்ல, "நிர்வாக நலனை உத்தேசித்து" என்று உத்தரவில் எழுதியிருக்கும். தண்டனையென்று எழுதினால்தானே 311வது பிரிவு பேசும்?

இந்த வாய்மொழி உத்தரவு என்பது சிறிய சங்கதியல்ல. 1975 ஜூன் 25ந் தேதி இரவு என்ன நடந்தது? மந்திரி சபைக்கே தெரியாமல் எமர்ஜென்சிப் பிரகடனத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். மந்திரிகள் மறுநாள் காலையில் கூடித் தலையாட்டினார்கள். அதே இரவில் டெல்லியில் பத்திரிகை ஆபீசுகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. சட்டப்படி உத்தரவு ஏதாவது காகிதத்தில் இருந்ததா? இல்லை, வாயால் சொன்னதைக் கேட்டே நிறுத்தினார்கள் என்று பிற்பாடு ஷா கமிஷன் விசாரணையில் வெளியாயிற்று. 21 மாத காலத்தில் மிசா சட்டத்தின்கீழ் சுமார் 35,000 பேரும், பாதுகாப்பு விதிகளின்கீழ் சுமார் 75,000 பேரும் பிடிக்கப்பட்டார்கள் என்று அந்தக் கமிஷன் கணக்குக் கொடுத்தது. இத்தனை பேரையும் இந்திரா காந்தி அம்மையார் தம் கையால் பிடித்து அடைக்கவில்லை. பரீட்சை எழுதிப் பாஸ் செய்த மாஜிஸ்ட்ரேட்டுகள் கையெழுத்துப் போட்டார்கள். போலீசார் விலங்கு மாட்டினார்கள்.

குடும்பக் கட்டுப்பாட்டையும் பாருங்கள். கர்ப்பத்தடை வேண்டுமென்று தேசத்தில் பலர் வாயைத் திறக்கக் கூசிய காலத்திலேயே நம் இயக்கம் மேடையேறிச் சொன்னது. அது பெண்ணின் விடுதலைக்காகச் சொன்னது; அவரவர் மனமொப்பிச் செய்ய வேண்டியது. 1976-77ஆம் வருஷத்தில் வைத்த இலக்கு 43 லட்சம் ஆபரேஷன். நடந்ததோ 81 லட்சத்துக்கு மேல்! ஏன் இலக்கு இரட்டிப்பாயிற்று? மேலே இருக்கிறவர் இவ்வளவு என்றால், கீழே இருக்கிறவர் நல்ல பெயர் வாங்க அதற்குமேல் காட்டினார். பள்ளிக்கூட உபாத்தியாயருக்குக்கூட, இத்தனை ஆள் கொண்டுவந்தால்தான் சம்பளம் என்று பல இடங்களில் கட்டளை. ஆபரேஷனால் 1,774 பேர் இறந்ததாக ஷா கமிஷனுக்குத் தெரிவிக்கப்பட்டது. இறந்தவர்கள் ஜமீன்தார்களும் மில் முதலாளிகளுமல்ல என்பது உங்களுக்கே தெரியும். நல்ல காரியமொன்று அடிமை உத்தியோகஸ்தன் கையில் அகப்பட்டால் என்னவாகும் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டியதில்லை.

"நான் என்ன செய்வேன், மேலிடத்து உத்தரவு" என்று கமிஷன் முன்னால் அநேகர் சொன்னார்கள். ஆனால் விதி அப்படியிருக்கவில்லை, தோழர்களே! 1968ஆம் வருஷத்து அகில இந்திய உத்தியோகஸ்தர் நடத்தை விதிகளில் 3வது விதி, மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அவசரத்தில் வாயால் சொன்னால் உடனே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அப்படி எழுதித் தரும்படி கேட்கவேண்டியது கீழதிகாரியின் கடமை, தரவேண்டியது மேலதிகாரியின் கடமை என்று தெளிவாக இருக்கிறது. கேட்டவர் எத்தனை பேர்?

இந்த நிலைமையை மாற்றவேண்டுமென்று ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகஸ்தர்கள் 83 பேர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். மத்திய மந்திரி சபையின் காரியதரிசியாயிருந்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் அவர்கள் முதல் மனுதாரர். 2013 அக்டோபர் 31ந் தேதி தீர்ப்பு வந்தது. வாய்மொழி உத்தரவின்மேல் காரியம் செய்யக்கூடாது, எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மாற்றலைப்பற்றிச் சொல்ல ஒரு போர்டு வேண்டும். ஓரிடத்தில் குறைந்தபட்ச காலம் இருக்கவிட வேண்டும் என்றார்கள். 2014 ஜனவரியில் அந்தக் காலம் இரண்டு வருஷம் என்று விதி திருத்தப்பட்டது. பதவியிலிருந்த காலத்தில் இவர்களில் எத்தனைபேர் எழுத்தில் கேட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பென்ஷன் வாங்கினபிறகு வீரம் வருவது நம் நாட்டு வழக்கம்தானே! ஆனாலும் செய்தமட்டில் நல்ல காரியம்.

விதி திருத்தியாயிற்று, நடப்பு திருந்தியதா? ஹரியானாவில் அசோக் கெம்கா என்ற ஐ.ஏ.எஸ். உத்தியோகஸ்தர் 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். முப்பத்துச் சொச்சம் வருஷ உத்தியோகத்தில் அவருக்கு 50க்கு மேற்பட்ட மாற்றல்கள்! காங்கிரஸ் ஆண்டபோதும் மாற்றல், பாரதிய ஜனதா ஆண்டபோதும் மாற்றல். கொடி மாறினது, பெட்டி கட்டுவது மாறவில்லை. நம் பக்கத்தில் தோழர் சகாயம் அவர்கள் 2012இல் மதுரைக் கலெக்டராயிருந்து கிரானைட் கொள்ளையைப்பற்றி அறிக்கை எழுதினார். அந்த வருஷமே கைத்தறித் துணி விற்கும் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டார். 2014இல் ஹைக்கோர்ட்டே அவரைக் கூப்பிட்டு அந்தக் கொள்ளையை விசாரிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. 2021இல் தாமாகவே ஓய்வு பெற்றுக்கொண்டு அரசியலுக்கு வந்தார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். இப்படி ஓர் உத்தியோகஸ்தர் யோக்கியமாக நடந்தால் உடனே நம் வாலிபர்கள் அவர் படத்தைப் போட்டு மாலை சூட்டி, இவர் வந்துதான் தேசத்தைக் காப்பாற்றவேண்டும் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அவதாரம் எடுத்து ஒருவர் வருவார் என்று காத்திருந்த புத்தி, கோயிலைவிட்டு வெளியே வந்தும் போகவில்லை! ஒருவர் யோக்கியராயிருப்பது அவருக்குப் பெருமை. அடுத்து வருகிறவர் அயோக்கியராயிருந்தாலும் ஒழுங்காக நடந்தே தீரவேண்டும் என்று கட்டுத்திட்டம் செய்வதில்தான் நமக்கு லாபம்.

அப்படியானால் மந்திரிகள் தலையிடவே கூடாது, படித்த உத்தியோகஸ்தர்களிடமே ஆட்சியை விட்டுவிடலாம் என்று சில கனவான்கள் பேசுகிறார்கள். இதில்தான் நீங்கள் ஏமாறக்கூடாது. உத்தியோகம் ஒரு கூட்டத்தார் கையிலேயே இருந்தபோது "அரசியல் தலையிடக்கூடாது, தகுதிதான் பெரிது" என்ற பாட்டை நாம் கேட்டு அலுத்திருக்கிறோம். 1928இல் மந்திரி முத்தையா முதலியார் அவர்கள் வகுப்புவாரி உத்தரவை அமலுக்குக் கொண்டுவந்தபோது, 12 உத்தியோகங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று பங்கிட்டாரே, அது அரசியல் இல்லையா? தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்றே ஒன்று என்பது போதாது என்பது வேறு விஷயம். ஜனங்களின் ஓட்டு வாங்கின மந்திரி தலையிட்டதால்தான் அந்தக் கதவு திறந்தது. அதற்கடுத்த வருஷமே சென்னை மாகாணத்தில் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டு, சிபாரிசுக்கு ஒரு தடையும் வந்தது. எந்த ஜாதிக்கு எத்தனை என்பதை ஓட்டு வாங்கினவர்கள் தீர்மானித்தார்கள். எந்த ஆள் என்பதைக் கமிஷன் பார்த்துக்கொண்டது. பொதுக்கொள்கை மந்திரியுடையது, தனி ஆள் விஷயத்தில் அவர் கை நுழையக்கூடாது என்பதற்கு இதைக் கோடாக வைத்துக்கொள்ளலாம்.

கிராமத்திலிருந்து வந்திருப்பவர்கள் கர்ணத்தையும் மணியக்காரரையும் மறந்திருக்கமாட்டீர்கள். அப்பன் கர்ணம், மகன் கர்ணம், பேரனும் கர்ணம். நிலத்தின் கணக்கு மூன்று தலைமுறையாக ஒரே வீட்டுப் பெட்டியில். அந்தப் பரம்பரை உத்தியோகத்தை 1980இல் எம்.ஜி.ஆர். சர்க்கார் ஒழித்து, பரீட்சை எழுதி வரும் கிராம நிர்வாக உத்தியோகஸ்தரைப் போட்டது. சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. மந்திரிகள் தலையிடாமல் கணக்குப்பிள்ளைகளையே யோசனை கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

அண்மையில் நடந்ததையும் கவனியுங்கள். 2024 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் 45 பெரிய உத்தியோகங்களுக்கு வெளியிலிருந்து நேரே ஆளெடுப்பதாக விளம்பரம் செய்தது. அதில் பிற்பட்டோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பங்கில்லை. நிபுணர்கள் வேண்டுமாம்! கூச்சல் கிளம்பியது, மூன்றே நாளில் விளம்பரம் வாபஸ். அதற்கு முந்திய மாதத்தில், 1966 முதல் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஆர்.எஸ்.எஸ். காரியங்களில் சேரக்கூடாதென்றிருந்த தடையை எடுத்துவிட்டார்கள். உத்தியோகஸ்தன் எந்தக் கட்சியிலும் சேரக்கூடாது என்று 1964ஆம் வருஷத்து விதி இன்னும் இருக்கிறது. அது கட்சியல்ல, கலாசார ஸ்தாபனம் என்று பதில் சொல்லுகிறார்கள். அந்த ஸ்தாபனத்தின் கொள்கையை ஒப்பாத ஒரு முஸ்லிமோ தாழ்த்தப்பட்டவனோ அந்த உத்தியோகஸ்தன் முன்னால் மனுவோடு நின்றால், அவன் மனதில் என்ன தைரியமிருக்கும்?

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2003 ஜூலையில் நம் மாகாணத்தில் சர்க்கார் சிப்பந்திகளும் உபாத்தியாயர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெயலலிதா அம்மையார் சர்க்கார் ஏறக்குறைய 1,70,000 பேரை ஒரே வீச்சில் வேலையைவிட்டு நீக்கிற்று. விசாரணையில்லை, சமாதானம் கேட்கவில்லை. ஆகஸ்ட் 6ந் தேதி சுப்ரீம் கோர்ட், வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு உரிமையே இல்லை என்றும் சொல்லிற்று. பிறகு பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அன்று டீக்கடைகளில் பலர், "லஞ்சம் வாங்கினான்களே, நன்றாய் வேண்டும்" என்று சந்தோஷப்பட்டதை என் காதாலேயே கேட்டேன். அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஜனங்களை நாயைப்போல நடத்தினவனுக்கு ஆபத்துக் காலத்தில் ஜனங்கள் துணைக்கு வரமாட்டார்கள். ஆனால் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஒரு கையெழுத்தில் தெருவில் நிறுத்தமுடியும் என்றால், நாளைக்கு அந்த மணல் லாரியைப் பிடிக்க எந்தத் தாசில்தாருக்கு நெஞ்சு வரும்? அந்த வீச்சு உங்கள் ஆற்றின்மேலும் விழுந்தது என்பதைக் கைதட்டினவர்கள் பார்க்கவில்லை.

சரி, நாம் செய்யக்கூடியது என்ன? காகிதம். எழுதாமல் நடப்பதால்தான் இந்த அக்கிரமமெல்லாம் நடக்கிறது. ராஜஸ்தானத்தில் எழுத்து வாசனையில்லாத கூலிக்காரர்கள், சர்க்கார் ரோட்டு வேலையில் தங்களுக்குக் கூலி குறைகிறதே என்று, கூலிப் பட்டியலைக் காட்டு என்று கிளம்பினார்கள். 1994 முதல் கிராமந்தோறும் கூட்டம் கூட்டிக் கிடைத்த பட்டியல்களை உரக்கப் படித்தார்கள். செத்தவன் பெயரில் கூலி. வேலையே செய்யாதவன் பெயரில் கூலி! 1996இல் பியாவர் நகரத்தில் நாற்பது நாளளவு தெருவில் உட்கார்ந்தார்கள். நம் மாகாணத்தில் 1997இலேயே ஒரு தகவல் சட்டம் வந்தது, ஆனால் அதற்குப் பல்லில்லை. 2005இல் தேசம் முழுமைக்கும் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. பைலில் யார் என்ன குறிப்பு எழுதினார் என்பதையும் அதன்படி கேட்டு வாங்கலாம். மாற்றல் உத்தரவின் பைலையும் கேட்கலாம், லாரியை விட்ட பைலையும் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தரவேண்டும். தனி நபரின் விவரம் என்ற சாக்கில் மறைக்கும் ஓட்டையை 2023ஆம் வருஷத்துச் சட்டத்தால் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆகையால் இருக்கும்போதே உபயோகித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக் காகிதத்தில் எழுதி, 10 ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தால் போதும். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக்கூடாது, சட்டத்திலேயே இருக்கிறது. எழுதத் தெரியாத பெரியவர்களும் தாய்மார்களும் கவலைப்பட வேண்டாம். அந்தச் சட்டத்தின் 6வது பிரிவின்படி, எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவவேண்டியது அந்த உத்தியோகஸ்தரின் கடமை. மந்திரி டெலிபோனில் சொன்னதை எழுதாதவர், நீங்கள் சொல்வதை எழுத உதவியே தீரவேண்டும்! கூட்டம் முடிந்ததும் இந்த மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு தோழர்கள் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ஏரி, பட்டா, ரேஷன், எது பற்றியிருந்தாலும் சரி, கேட்கவேண்டியவர்கள் வரிசையாக வந்து சொல்லுங்கள்.